ஆறடி கிறிஸ்துமஸ் மரம், 2,400 ரூபாய்... வாங்கலாமா?

"ஆறடி மரம், ஸ்டாண்டோட 2,400 ரூபாய்னு போட்டிருக்கான். பையன் ஒரு வாரமா கேட்டுட்டே இருக்கான். வாங்கிடலாமாங்க?"

பெருங்குடியிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இவ்வளவுதான். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். பெரிய கண்ணாடி ஜன்னல், பக்கத்தில் பனி தூவிய மரம், அடியில் ரிப்பன் கட்டிய பரிசுப் பெட்டிகள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் சில தகவல்கள் வந்தன. வாடகை வீடு, இரண்டு பெட்ரூம். பையன் யு.கே.ஜி. இருபத்துமூணாம் தேதி ராத்திரி பஸ்ஸில் நாகர்கோவிலுக்குக் கிளம்புகிறார்கள். இந்த வாரத்துக்கு வேறு சப்ஜெக்ட் தேட வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போனது.

விலை மோசமில்லை. ஆனால் செலவு 2,400-ல் நிற்காது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு மரமும் ஸ்டாண்டும் மட்டும்தான் இருக்கும். படத்தில் மின்னும் பந்து, மணி, ஜிகினா, லைட், உச்சி நட்சத்திரம் எல்லாம் தனி. பரிசுப் பெட்டிகள் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு அடி உயரத்துக்குப் பத்து அலங்காரப் பொருள் தொங்கினால்தான் மரம் நிறைந்த மாதிரி இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆறடிக்கு அறுபது. 24 பந்துகள் உள்ள டப்பா 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று டப்பா 900. ஜிகினா மாலை ஐந்து, தலா 60, அது ஒரு 300. சீரியல் லைட் மூன்று செட், தலா 150 என்றால் 450. உச்சியில் வைக்க நட்சத்திரம் 150. மொத்தம் 1,800 ரூபாய். மரத்தோடு சேர்த்தால் 4,200. 'வாங்கிடலாமா' என்று கேட்ட தொகைக்கும் கடைசியில் கையைவிட்டுப் போகும் தொகைக்கும் இவ்வளவு தூரம்.

கரன்ட் பில்லை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 10 வாட் எல்.இ.டி. லைட்டைத் தினமும் ஆறு மணி நேரம், இருபது நாள் எரியவிட்டாலும் 1.2 யூனிட்தான். பழைய குண்டு பல்பு சீரியல் செட் பரணில் கிடந்தால் அதை எடுக்காதீர்கள். சூடாகும், ஒயர் பிசுபிசுத்துப் போயிருக்கும், மரமோ பிளாஸ்டிக்.

சரி, 4,200 ரூபாய் அதிகமா? இதற்கு ஒரே ஒரு அளவுகோல்தான் என் கைவசம் இருக்கிறது. எத்தனை டிசம்பர்? பத்து வருஷம் நின்றால் வருஷத்துக்கு 420 ரூபாய். ஒரு பிளம் கேக் காசு. மூன்றே வருஷத்தில் கிளை உதிர்ந்து போனால் வருஷத்துக்கு 1,400. நான் அறிந்த வீடுகளில் இந்த மரங்கள் கெட்டுப்போய்ச் செத்ததைவிட, வீடு மாற்றும்போது கைவிடப்பட்டதுதான் அதிகம். பேக்கர்ஸ் ஆள் வந்து "இந்தப் பெட்டியும் ஏத்தணுமா சார்?" என்று கேட்கும் அந்த நொடியில் முடிவாகிவிடும். பெருங்குடி, கந்தன்சாவடி, துரைப்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலைக்கு வந்த குடும்பங்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறுவது சகஜம். அக்ரிமென்ட் 11 மாதம் போடும் ஊரில் பத்து வருஷத்துக்கான மரம் வாங்குவது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அப்புறம் இடம். கிறிஸ்துமஸ் மரம் நிற்பது ஒரு மாதம், தூங்குவது பதினோரு மாதம். ஆறடி மரத்தின் பெட்டி மூன்றடிக்கு மேல் நீளமாக இருக்கும். ஒருமுறை பிரித்துவிட்டால் கம்பெனிக்காரர் அடைத்த மாதிரி அதை யாராலும் திரும்ப அடைக்க முடியாது, எனவே பெட்டி புடைத்துக்கொண்டு நிற்கும். லாஃப்ட் இருந்தால் நல்லது. பார்க்கிங் தளத்து ஸ்டோர் ரூமில் வைக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு 2023 டிசம்பரை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். மிக்ஜாம் புயல் மழையில் பெருங்குடி, பள்ளிக்கரணை, வேளச்சேரி எல்லாம் தண்ணீரில் நின்றன. கீழ்த்தளத்தில் வைத்த அட்டைப்பெட்டிகள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பகுதி ஆட்களுக்கு டிசம்பர் முதல் வாரம் என்பது பண்டிகைக்கு முன்னால் வானிலை அறிக்கை.

நாகர்கோவில் பஸ்ஸுக்கு வருகிறேன். தென்மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய பேருக்கு கிறிஸ்துமஸ் சென்னையில் நடப்பதே இல்லை. நாசரேத், தூத்துக்குடி, மார்த்தாண்டம், பாளையங்கோட்டை என்று 23, 24 தேதிகளில் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சமயத்து ஆம்னி பஸ் டிக்கெட் மூன்று பேருக்கு எவ்வளவு ஆகும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் செலவின் மேல்தான் இந்த 4,200 ஏறுகிறது. மரம் பெருங்குடியில் பூட்டிய வீட்டுக்குள் நிற்க, குடும்பம் ஊரில் பாட்டி வீட்டுக் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். மரத்தோடு அவர்கள் வாழப்போவது உண்மையில் டிசம்பர் 1 முதல் 23 வரை, சாயங்காலங்கள் மட்டும். அது வேண்டாத செலவு என்று நான் சொல்லவில்லை. ஒரு யு.கே.ஜி. பையனுக்கு இருபது சாயங்காலம் பெரிய விஷயம். ஆனால் ஆறடிதான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

பையன் உயரம் மூன்றரை அடி இருக்குமா? மூன்றடி, நாலடி மரத்தை ஒரு ஸ்டூல் மேல் வைத்தால் அவன் கண்ணுக்கு அது கோபுரம். உச்சி நட்சத்திரத்தை அவனே மாட்டலாம், அப்பா தூக்க வேண்டியதில்லை. பந்தும் பாதி போதும். பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும். இரண்டடி மரம் 400, ஒரு சின்ன டப்பா பந்து 150, ஒரு லைட் 150 என்றால் 700 ரூபாயில் கதை முடிந்தது.

இனி வாங்குவது என்று முடிவுசெய்தவர்களுக்கு. ஆன்லைனில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்த உயரம் ஸ்டாண்டின் கால் முதல் உச்சிக் குச்சி வரை சேர்த்து அளந்தது. 'டிப்ஸ்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், கிளை நுனிகளின் எண்ணிக்கை. ஒரே ஆறடியில் ஒன்று மலிவாகவும் இன்னொன்று இரு மடங்காகவும் இருந்தால், பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான். நுனி குறைந்த மரம், தலை வாரிய தென்னந்துடைப்பம் மாதிரி நிற்கும். எடை போட்டிருந்தால் அதையும் பாருங்கள். ஆறடி மரம் சந்தேகத்துக்கு இடமாக லேசாக இருந்தால் இலையும் கம்பியும் குறைச்சல் என்று அர்த்தம். கால் இரும்பா, பிளாஸ்டிக்கா? சீலிங் ஃபேன் ஓடும் வீட்டில் பிளாஸ்டிக் கால் மரம் எப்போது சாயும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்ப்ரே பனி தூவிய மரம் அழகுதான், ஆனால் அந்த வெள்ளைத்தூள் தரையெல்லாம் உதிரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

நேரில் பார்த்து வாங்க ஆசைப்படுகிறவர்கள் பாரிமுனை பக்கம் போகலாம். பெருங்குடி பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறினால் பார்க் டவுனோ கோட்டையோ இறங்கி நடந்துவிடலாம். ஈவ்னிங் பஜார் சுற்றுவட்டாரத்தில் டிசம்பர் வந்தால் பொம்மைக் கடைகளுக்கு நடுவே ஸ்டாரும் மரமும் குவிந்திருக்கும். பேரம் பேசத் தெரிந்தவருக்கு அந்தப் பயணம் லாபம். பேரம் பேச வராது, கூட்டம் பிடிக்காது என்கிறவர்கள், மூன்றடிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ரயிலில் திரும்பி வரும் காட்சியைக் கற்பனை செய்துவிட்டுக் கிளம்புங்கள். இன்னொரு வழி, அவசரம் இல்லாதவர்களுக்கு. டிசம்பர் 26-க்குப் பிறகு கடைக்காரருக்கு இந்தச் சரக்கு இடத்தை அடைக்கும் பாரம். அப்போது கேட்கிற விலைக்கும் டிசம்பர் 15-ல் கேட்கிற விலைக்கும் நிறைய தூரம் இருக்கும்.

உலகத்தில் விற்கும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பெரும்பங்கு சீனாவின் யிவூ நகரத்திலிருந்து போகிறது. நம் வீட்டு ஜிகினாவும் அந்த வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். நிஜ மரம் வெட்டி விற்கும் நாடுகளில் வேறு கதை. அமெரிக்காவில் வருஷத்துக்கு 2.5 கோடி முதல் 3 கோடி நிஜ மரங்கள் விற்பனையாகின்றன, கிட்டத்தட்ட எல்லாம் பண்ணையில் வளர்த்தவை. ஒரு மரம் ஆறேழு அடி வளர எட்டுப் பத்து வருஷம் பிடிக்கும். 2008 பொருளாதார மந்தத்தில் விவசாயிகள் கன்று நடுவதைக் குறைத்தார்கள். அதன் விளைவு 2016, 2017-ல்தான் தெரிந்தது, மரம் குறைந்து விலை ஏறியது. ஒரு கிறிஸ்துமஸ் மரத்தின் விலையைப் பத்து வருஷத்துக்கு முந்தைய வங்கி நெருக்கடி தீர்மானிக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. நமக்கு அந்தச் சந்தையே இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் ஊசியிலை மரம் இருக்கிறதே என்று யாராவது ஆரம்பித்தால், மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

உயிருள்ள மரம்தான் வேண்டும் என்றால் நமக்கு இரண்டு வழி.

ஒன்று, தொட்டிச் செடி. ஈ.சி.ஆர். ஓரத்து நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது அரோகேரியா. அடுக்கடுக்காக, குடை விரித்த மாதிரி கிளை. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவு ஒரு வகைக்குப் பூர்வீகம், நியூ கலிடோனியா இன்னொன்றுக்கு. இந்த இரண்டாவது வகைக்கு, அதாவது குக் பைனுக்கு, ஒரு விநோத குணம் உண்டு. உலகில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகையை நோக்கிச் சாயும் என்று 2017-ல் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். சென்னையில் என்றால் தெற்கே. மொட்டைமாடியில் வைத்திருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

இந்தச் செடி உப்புக்காற்றைத் தாங்கும், மெதுவாக வளரும், தொட்டியில் பல வருஷம் இருக்கும். வெளிச்சம் வேண்டும், ஏ.சி. அறை ஆகாது, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். உச்சியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அந்தக் கோபுர வடிவம் திரும்ப வராது. விலை உயரத்தைப் பொறுத்தது. இரண்டடிச் செடியாக வாங்கி, வளர்வதை வருஷா வருஷம் பையனோடு சேர்த்துச் சுவரில் குறித்து வைக்கலாம். கனமான அலங்காரத்தை இளங்கிளை தாங்காது, எனவே அலங்காரச் செலவும் தானாகக் குறைந்துவிடும். வீடு மாறும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கும் சுலபமான விடை இருக்கிறது. செடி வேண்டாம் என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் அபூர்வம். பிளாஸ்டிக் மரத்தைக் கொடுத்துப் பாருங்கள், முகம் மாறும்.

இரண்டாவது வழியை எனக்குச் சொன்னவர் எங்கள் அலுவலகத்தில் போட்டோ எடுக்கும் அண்ணன். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். "எங்கூர்ல மரம் வாங்குறதாவது! சவுக்குக் கொப்பு ஒண்ணு வெட்டியாந்து வாளி மணல்ல நட்டுருவோம். பஞ்சை பிச்சுப் போட்டா பனி. சிகரெட் அட்டைக்குள்ள இருக்கிற வெள்ளித்தாளைச் சுத்துனா மணி. அதுக்கு மேல என்னம்மா வேணும்?"

சவுக்கு நமக்குப் புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் ரயில் இன்ஜினுக்கு விறகாக எரிக்கவே இந்தக் கடலோரங்களில் தோப்பு தோப்பாக வளர்த்தார்கள். இப்போது சாரத்துக்கும் பந்தல் காலுக்கும் காகித ஆலைக்கும் போகிறது. பார்க்கத்தான் பைன் மாதிரி, உண்மையில் பைன் குடும்பமே இல்லை. நாம் ஊசி இலை என்று நினைப்பது மெல்லிய கிளைகள், அவற்றின் கணுக்களில் செதில் மாதிரி ஒட்டியிருப்பதுதான் இலை. ஒரு கணுவில் பிரித்து மறுபடி சொருகிவைத்து 'எங்கே உடைச்சேன், கண்டுபிடி' என்று சின்ன வயதில் விளையாடியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டுக் குட்டிகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள், மரத்தைவிட அது அதிக நேரம் ஓடும்.

கிளைக்கு ஆகும் செலவு சொற்பம். யாராவது தெரிந்தவர் தோப்பில் வெட்டு நடந்தால் கழித்துப்போடும் நுனிகளே போதும். ஆனால் கடற்கரையில் நிற்கும் சவுக்கில் கை வைக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு காற்றையும் அலையையும் தடுக்கவென்று நட்ட வரிசைகள் அவற்றில் உண்டு. வெட்டிய கிளை நாலைந்து நாளில் காய்ந்துவிடும். எனவே டிசம்பர் தொடக்கத்தில் வேண்டாம், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்து ஈர மணலில் நட்டால் போதும். காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றும், மெழுகுவத்தியைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. இதை நாகர்கோவில் போனபிறகு பாட்டி வீட்டில் செய்வது நம் வாசகிக்கு இன்னும் பொருத்தம்.

பெருங்குடி என்பதால் இன்னொன்றையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. தூக்கிப்போடும் பிளாஸ்டிக் மரம் எங்கே போகும்? இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பதில் ஜன்னலைத் திறந்தாலே தெரியும். தென்சென்னையின் குப்பையைப் பல ஆண்டுகளாகச் சுமந்தது பெருங்குடி குப்பைமேடு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே அது வளர்ந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது, சுற்றுவட்டாரத்தில் ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டுதான் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலையும் அங்கே தொடங்கப்பட்டது.

செயற்கை மரத்தின் இலை பெரும்பாலும் பி.வி.சி. அது இரும்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கியது. பிளாஸ்டிக்கைத் தனியாக, கம்பியைத் தனியாக யாரும் உட்கார்ந்து பிரிக்க மாட்டார்கள். காயலான் கடைக்காரர் இரும்புக் காலை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுப்பார். கிறிஸ்துமஸ் முடிந்து இருபது நாளில் போகி வருகிறதா, பழைய மரத்தை அன்றைக்குக் கொளுத்திவிடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் வரும், தெருவில் நிற்கும் குழந்தைகள்தான் அதை முதலில் சுவாசிப்பார்கள். சமீப ஆண்டுகளில் போகிக்கு முன்னால் மாநகராட்சியே பழைய பொருள்களைத் தனியாக வாங்கிக்கொள்கிறது, அதில் சேர்த்துவிடுங்கள்.

பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்குப்படி, இரண்டு மீட்டர் செயற்கை மரம் ஒன்று சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். குறைந்தது பத்து கிறிஸ்துமஸாவது அதே மரத்தை நிறுத்தினால்தான் நிஜ மரத்தோடு அது போட்டி போடவே முடியும். பர்ஸ் கணக்கும் பத்து, காற்றுக் கணக்கும் பத்து என்று வந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

ஆக, அந்த வாசகிக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான். ஆறடி வேண்டாம். நாலடிக்குள், இரும்புக் காலோடு, நுனி நிறைய உள்ளதாகப் பாருங்கள். மொத்தமாக 1,500 ரூபாய் என்று ஒரு கோடு போடுங்கள், அலங்காரமும் அதற்குள். கிரெடிட் கார்டில் மூன்று மாதத் தவணை என்று ஒரு பட்டன் வரும், அதைத் தொடாதீர்கள், ஜனவரியில் பொங்கல் காத்திருக்கிறது. பந்து டப்பா ஒன்று வாங்கினால் போதும். மீதியைப் பையனே செய்யட்டும், காகித நட்சத்திரம், ஐஸ்கிரீம் குச்சி, பழைய கல்யாணப் பத்திரிகையின் தங்க ஓரம். வாசலில் மாட்டும் ஸ்டாருக்கும் குடிலுக்கும் வைத்திருந்த காசை மரத்துக்கு மாற்றாதீர்கள். நம் ஊர் வீடுகளில் மரம் இல்லாத கிறிஸ்துமஸ் எத்தனையோ நடந்திருக்கிறது, ஸ்டார் இல்லாமல் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஏற்கெனவே பெரிய மரம் வாங்கியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், உங்கள் வேலை அதைக் காப்பாற்றுவது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றுங்கள். கிளைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி மடக்கி, பழைய காட்டன் புடவையில் இறுக்கிச் சுற்றினால் புடைக்காது. லைட்டை ஒரு அட்டையில் சுற்றிவையுங்கள், அடுத்த வருஷம் சிக்கெடுக்கவே ஒரு மணி நேரம் போகாமல் இருக்கும். ஸ்டாண்டின் நட்டு, போல்ட்டை ஒரு கவரில் போட்டு மரத்தண்டோடு கட்டிவிடுங்கள். காணாமல் போவது எப்போதும் அதுதான்.